ப்ளினி கேட்டவர்களுக்கு

போன இதழில், ஈஸ்டர் நோன்புக்கு முன்னால் வருகிற ரஷ்யாவின் மாஸ்லெனித்ஸா பண்டிகை வாரத்தைப் பற்றி எழுதும்போது, அந்த ஏழு நாளும் வீட்டுக்கு வீடு ப்ளினி என்ற மெல்லிய தோசை மாதிரியான பலகாரம் சுடுவார்கள் என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மாதம் பாதிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ரொம்ப சந்தோஷம். வரோனிஷ் நகரத்தில் ஆறு வருடம் குடியிருந்தவள் நான். கீழ்வீட்டுப் பாட்டி தன் அடுப்படியில் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம், ஊர் திரும்பிய பிறகு நம் மைதா, நம் பால், நம் கேஸ் அடுப்பு என்று செய்து பார்த்துத் திருத்திக்கொண்டது கொஞ்சம், இரண்டும் சேர்ந்ததுதான் கீழே இருப்பது. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, ப்ளினி என்பது பான்கேக்தானே? படத்தில் பார்த்தால் எங்கள் வீட்டு மைதா தோசை மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய ஹோட்டலில் அதே பெயரில், பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக, மேலே மீன் வைத்துக் கொடுத்தார்கள். எது சரி?
– வாசகி, கும்பகோணம்

ஹோட்டலில் கொடுத்தது, விருந்துகளில் ஒரே வாயில் போட்டுக்கொள்வதற்காக வெளிநாட்டு ஹோட்டல்காரர்கள் சிறிதாக்கிக்கொண்ட வடிவம். ரஷ்ய வீடுகளில் ப்ளினி தட்டு அகலத்துக்கு இருக்கும். மெல்லியதாக, துணிபோல மடியும், ஓரம் மட்டும் லேசாக மொறுமொறுவென்று இருக்கும், நடுவில் வெண்ணெய் ஊறி மினுக்கும். அமெரிக்கப் பான்கேக் மாதிரிப் பஞ்சாக, தடிமனாக இருக்காது. அப்படிச் சின்னதாகத் தடிமனாக, கெஃபிர் என்ற புளித்த பாலும் சமையல் சோடாவும் சேர்த்து எண்ணெயில் சுடுவதற்கு அங்கே அலாத்யி என்று வேறு பெயர் இருக்கிறது, இரண்டையும் குழப்பினால் பாட்டிமார் விடமாட்டார்கள்.

ப்ளினியிலேயே இரண்டு உண்டு. ஈஸ்ட் போட்டு மாவைப் புளிக்க வைத்துச் சுடுவது பழைய முறை. ஈஸ்ட் இல்லாமல் பால், முட்டை, மாவு கலந்து உடனே சுடுவது இன்று பெரும்பாலான வீடுகளில் வாரநாள் காலையில் நடப்பது, அதைப் ப்ளிஞ்சிகி என்று செல்லமாகச் சொல்வார்கள்.

பெயரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒன்று என்றால் ப்ளின், பல என்றால் ப்ளினி. பழைய வடிவம் ம்லின், ‘அரை’ என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது, அதாவது அரைத்த மாவில் செய்தது. உக்ரைனில் இன்றும் அந்த ‘ம’ போகவில்லை, ம்லின்ஸி என்றுதான் சொல்கிறார்கள், அவர்கள் மொழியில் மாவு ஆலைக்குப் பெயரே ம்லின். இன்னொன்று: நாம் தோசை வார்க்கிறோம், அவர்கள் ப்ளினிக்கு ரொட்டி சுடுவதற்கு உண்டான அதே வினைச்சொல்லைத்தான் சொல்கிறார்கள். செங்கல் வைத்துக் கட்டிய பெரிய ரஷ்ய அடுப்புக்குள் சட்டியைத் தள்ளி நாலாபக்கமும் அனல் பட வேகவைத்த காலத்தின் சொல் அது, அடுப்பு போய் வெகுநாளாகியும் சொல் போகவில்லை.

முதல்முறை செய்யப்போகிறேன். ஈஸ்ட் எல்லாம் வேண்டாம், எளிதான ஒன்றைச் சரியான அளவோடு சொல்லுங்கள்.
– வாசகர், மதுரை

அரை லிட்டர் பால், இரண்டு முட்டை, 200 கிராம் மைதா, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி வாசனை இல்லாத எண்ணெய். சூரியகாந்தி எண்ணெய்தான் அங்கேயும். இவ்வளவுதான் சாமான். 22 சென்டிமீட்டர் சட்டியில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை வரும், மூன்று பேருக்குப் போதும்.

பால் வெதுவெதுப்பாக இருக்கட்டும், முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து முன்கூட்டியே எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். முட்டை, உப்பு, சர்க்கரை மூன்றையும் அடித்து, அதில் பாலில் பாதியை மட்டும் விடுங்கள். இப்போது மைதாவைச் சலித்துப் போட்டு அடித்தால் இட்லி மாவைவிடக் கெட்டியாக ஒரு கலவை வரும். இந்தக் கெட்டிப் பதத்தில்தான் கட்டிகள் உடையும். எல்லாப் பாலையும் ஒரேயடியாக விட்டுவிட்டால் கட்டிகள் தப்பித்து மிதக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் எவ்வளவு அடித்தாலும் போகாது. வழவழவென்று ஆனதும் மீதிப் பாலைச் சேருங்கள், கடைசியாக எண்ணெய். கரண்டியால் தூக்கி ஊற்றினால் அறுந்து விழாமல், சத்தமில்லாமல், காய்ச்சாத க்ரீம் மாதிரி ஒழுக வேண்டும்.

சரி, அடுத்துதான் பலபேர் அவசரப்படுகிற இடம். மாவை மூடி அரைமணி நேரம் சும்மா வைக்க வேண்டும். மைதா அந்த நேரத்தில்தான் பாலை முழுசாகக் குடிக்கும், அடித்ததில் இறுகிப்போன மாவும் தளரும். உடனே சுட்டால் ரப்பர் மாதிரி இழுக்கும், திருப்பும்போது கிழியும். அரைமணி கழித்துப் பார்த்தால் கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கும், இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீரோ பாலோ விட்டுக்கொள்ளலாம்.

சட்டியை நன்றாகக் காய வையுங்கள். கையில் சட்டியைத் தூக்கிக்கொண்டு முக்கால் கரண்டி மாவை ஓர் ஓரமாக விட்டு, மணிக்கட்டைச் சுழற்றிச் சட்டியை ஒரு வட்டம் சாய்த்தால் மாவு தானாக ஓடிப் பரவிக்கொள்ளும். கரண்டியால் தேய்க்கவே கூடாது. மேற்பக்கத்தின் ஈரப் பளபளப்பு போய் ஓரம் பொன்னிறமாகிச் சட்டியை விட்டுக் கிளம்பும், அதுதான் திருப்பும் நேரம், ஏறக்குறைய ஒரு நிமிஷம். மறுபக்கத்துக்கு அரை நிமிஷம் போதும். தட்டில் போட்ட கையோடு சூட்டிலேயே ஒரு துண்டு வெண்ணெயை மேலே தேய்த்துவிட்டு, அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று அடுக்கிக்கொண்டே போங்கள். அடுக்கின் மேல் ஒரு மூடி போட்டு வைத்தால் ஓரங்கள் காயாமல் எல்லாம் ஒரே மாதிரி மிருதுவாகிவிடும்.

நீங்கள் சொன்ன மாதிரி எதையோ பார்த்துச் செய்தேன், தோசைக்கல்லில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. முதல் நாலும் சுரண்டித்தான் எடுத்தேன். என்ன தப்பு?
– வாசகி, கோயம்புத்தூர்

மனசைத் தளர விடாதீர்கள். ரஷ்யர்கள் எந்தக் காரியத்தை ஆரம்பிக்கும்போதும் சொல்கிற பழமொழியே இதுதான்: முதல் ப்ளின் உருண்டைதான். முதல் தடவை எதுவும் உருப்படியாக வராது, அதற்காக நிறுத்தக் கூடாது என்று அர்த்தம். ஆனால் நாலும் ஒட்டியது என்றால் கல்லில்தான் விஷயம்.

தோசைக்கு நமக்கு என்ன பழக்கம்? கல் ரொம்பக் காய்ந்தால் தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணிப்போம், இல்லாவிட்டால் மாவு சுருண்டு வரும். ப்ளினிக்கு அந்த வேலை வேண்டாம். மாவு தண்ணியாக இருப்பதால் விழுந்த கணத்திலேயே ‘ஸ்ஸ்’ என்று பிடித்துக்கொள்கிற சூடு வேண்டும். கொஞ்சம் சூடு குறைந்தாலும் மாவு கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும். அடுத்தது, நம் தோசைக்கல் தட்டை, கனம், கையில் தூக்கிச் சாய்க்க முடியாது. ஓரம் சற்று உயர்ந்த, கைப்பிடி உள்ள சின்ன இரும்புச் சட்டியோ நான்ஸ்டிக்கோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்வீட்டுப் பாட்டியிடம் ஒரு வார்ப்பிரும்புச் சட்டி இருந்தது. கறுத்து, உள்பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி. அதில் ப்ளினி தவிர வேறு எதுவும் செய்யமாட்டார், சோப்புப் போட்டுக் கழுவவும் மாட்டார், யாராவது அவசரத்துக்கு முட்டை பொரிக்க எடுத்தால் அன்றைக்கு வீடு இரண்டாகிவிடும். தோசைக்கல்லில் சப்பாத்தி போட்டதற்கு நம் வீட்டுப் பெரியவர்கள் போடுகிற சண்டையை எனக்கு அங்கேயே ஞாபகப்படுத்தினார். எப்போதாவது ஒட்ட ஆரம்பித்தால் ஒரு பிடி கல்லுப்பைச் சட்டியில் கொட்டிப் பழுப்பு நிறம் வரும்வரை வறுப்பார், பழைய துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு எண்ணெய் தடவுவார், ஒட்டுவது நின்றுவிடும். நீங்களும் இரும்புச் சட்டிக்கு இதைச் செய்யலாம், நான்ஸ்டிக்குக்கு வேண்டாம்.

எண்ணெய் தடவ அவர் எடுத்த சாமானைப் பார்த்துத்தான் நான் அசந்துபோனேன். வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, முள்கரண்டியில் குத்தி, கிண்ணத்து எண்ணெயில் தொட்டுச் சட்டியில் ஒரு தேய்ப்பு. எங்கள் அம்மா செய்கிற அதே காரியம், அதே சத்தம், அதே வாசனை! வெங்காயம் இல்லாவிட்டால் பாதி உருளைக்கிழங்கு. முன்காலத்தில் பன்றிக் கொழுப்புத் துண்டை வைத்துத் தேய்ப்பார்களாம், சுட்ட ப்ளினிமேல் வெண்ணெய் தடவ வாத்து இறகு வைத்திருப்பார்களாம். எண்ணெய் அதிகம் வேண்டாம், மாவிலேயே இருக்கிறது. சட்டியில் குளம் கட்டினால் ப்ளினி திட்டுத்திட்டாகப் பொரியும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். சர்க்கரையை அள்ளிப் போட்டீர்களா? இனிப்பு கூடினால் வேகுமுன் அடி கருகும், ஒட்டவும் செய்யும். இனிப்பு வேண்டுமென்றால் மேலே ஊற்றிக்கொள்ளுங்கள், மாவில் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள்.

வீடியோக்களில் ப்ளினி முழுக்க ஓட்டை ஓட்டையாக, வலை மாதிரி இருக்கிறது. எனக்கு மொழுக்கென்று வருகிறது.
– வாசகி, திருநெல்வேலி

பால் ப்ளினி மொழுக்கென்றுதான் இருக்கும், அது குறை இல்லை. வலை வேண்டுமென்றால் கெஃபிர் போட்டுக் கொதிநீர் ஊற்றிச் செய்கிற முறை இருக்கிறது, அதற்கு ஸவர்னியே ப்ளினி என்று பெயர்.

கெஃபிர் இங்கே சுலபமாகக் கிடைக்காது. கொஞ்சம் புளித்த தயிரை நீர் சேர்த்துக் கடைந்து, கெட்டி மோராக அரை லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு இரண்டு முட்டை, 250 கிராம் மைதா, உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை போட்டுக் கட்டியில்லாமல் அடியுங்கள். இன்னொரு பக்கம் ஒரு டம்ளர் தண்ணீர், 200 மில்லி, தளதளவென்று கொதிக்கட்டும். அதில் அரை டீஸ்பூன் ஆப்பசோடாவைப் போட்டதும் பொங்கும், பொங்குகிற சூட்டோடு மெல்லிய தாரையாக மாவில் விட்டுக்கொண்டே கை நிற்காமல் கலக்க வேண்டும். ஒருவர் ஊற்ற, ஒருவர் கலக்க என்று இருந்தால் நல்லது. ஒரே இடத்தில் கொட்டினால் முட்டை வெந்து திரியும். கடைசியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய்.

தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து நுரை கிளப்பும், கொதிநீர் மாவைப் பாதி வேகவைத்து மிருதுவாக்கும், சூடான சட்டியில் விழுந்ததும் நுரையெல்லாம் வெடித்து ஓட்டை ஓட்டையாகிவிடும். சட்டி ஆறியிருந்தால் என்ன செய்தாலும் ஓட்டை வராது. திரும்பவும் அதே பாட்டுதான், சூடு.

இதெல்லாம் சரி, பாரம்பரியம் என்றால் ஈஸ்ட்டும் பக்வீட்டும்தான் என்று படித்தேன். அதைச் சொல்லவே இல்லையே?
– வாசகர், புதுச்சேரி

நீங்கள் படித்தது சரி. எனக்கும் அதுதான் ஆசை ப்ளினி, நேரம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்வேன்.

பக்வீட்டை ரஷ்யர்கள் கிரேச்கா என்பார்கள். பெயரில் வீட் இருந்தாலும் அது கோதுமை வகையே இல்லை, புல் இனமும் இல்லை, முக்கோணமாகச் சின்ன விதை. வட இந்தியாவில் விரத நாட்களில் சாப்பிடுகிற குட்டு மாவு என்பது இதுதான், அங்கத்திய மளிகை விற்கிற கடைகளில் கேட்டால் கிடைக்கும். வாங்கும்போது முகர்ந்து பாருங்கள், பழைய மாவு கசக்கும். அந்தத் தானியத்தில் மாவைப் பிடித்து வைக்கிற பசைச்சத்து கிடையாது, அதனால் தனியாகப் போட்டால் கையாள்வது கஷ்டம், பாதிக்குப் பாதி மைதா சேருங்கள்.

150 கிராம் குட்டு மாவு, 150 கிராம் மைதா, 600 மில்லி பால், ஒரு டீஸ்பூன் உலர் ஈஸ்ட், இரண்டு முட்டை, 40 கிராம் வெண்ணெய், ஒன்றரை மேசைக்கரண்டி சர்க்கரை, முக்கால் டீஸ்பூன் உப்பு. முதலில் அபாரா, அதாவது மாவுக்கான புளிக்கூட்டு. பாலில் பாதியைக் கை பொறுக்கும் சூட்டில் எடுத்து ஈஸ்ட், ஒரு சிட்டிகை சர்க்கரை, மைதா முழுவதும் போட்டுக் கலந்து மூடி வையுங்கள். ரஷ்யக் குளிரில் அடுப்பின் பக்கத்தில் போர்வை சுற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் வைப்பார்கள், நம் ஊர் வெயிலுக்கு நாற்பது நிமிஷத்திலேயே நுரைத்து இரண்டு மடங்காகிவிடும், கடிகாரத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பாருங்கள். பொங்கி, நடுவில் லேசாக அமுங்க ஆரம்பித்ததும் முட்டை மஞ்சள், உருக்கிய வெண்ணெய், உப்பு, மீதிச் சர்க்கரை, குட்டு மாவு எல்லாம் சேர்த்து, மிச்சப் பாலை நல்ல சூடாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். மறுபடி ஒரு முறை பொங்கட்டும். முட்டை வெள்ளையைத் தனியாக நுரைக்க அடித்து, மாவில் அடியிலிருந்து மேலாகப் பதமாகக் கலந்து, கால்மணி விட்டுவிடுங்கள்.

சுடும்போது ஒரு விஷயம் முக்கியம். மாவை அடிவரை கலக்காதீர்கள், மேலாகக் கரண்டியை விட்டு மொண்டு ஊற்றுங்கள், பொங்கிய காற்று அப்படியே இருக்க வேண்டும். பால் ப்ளினியைவிடச் சற்றுத் தடிமனாக வரும், பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டைகள், லேசான புளிப்பு, வறுத்த கொட்டையின் வாசனை. வெண்ணெயைத் தொட்டதும் உறிஞ்சிவிடும். ஆப்பம் பிடித்தவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

பழைய வீடுகளில் இன்னொரு வகையும் உண்டு, ப்ரிப்யோக் என்பார்கள். வதக்கிய வெங்காயமோ காளானோ, நறுக்கிய அவித்த முட்டையோ சட்டியில் தூவி, அதன்மேல் மாவை ஊற்றிச் சேர்த்தே சுடுவது. வெங்காய ஊத்தப்பத்தில் நாம் மேலே போடுவதை அவர்கள் அடியில் போடுகிறார்கள்.

நாங்கள் முட்டை தொடமாட்டோம். முட்டை இல்லாமல் செய்தால் அது ப்ளினிதானா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

சந்தேகமே வேண்டாம், ப்ளினிதான். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு ஏழு வாரம் ஓடும், அப்போது இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கூடாது. அந்த நாட்களுக்கென்றே போஸ்னியே ப்ளினி, அதாவது நோன்பு ப்ளினி, தலைமுறை தலைமுறையாகச் சுடுகிறார்கள். நீங்கள் செய்வது யாரோ ஒப்பேற்றிய மாற்றுவழி இல்லை, அவர்கள் அடுப்படியிலேயே உள்ளது.

250 கிராம் மைதா, 450 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு டீஸ்பூன் உலர் ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். எல்லாவற்றையும் கலந்து நுரைத்து எழும்பும்வரை மூடி வைத்துச் சுட வேண்டியதுதான். முட்டை இல்லாததால் சட்டியைவிட்டு எழும்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், ஓரம் தானாகக் கிளம்பும்வரை கை வைக்காதீர்கள். ஈஸ்ட்டும் வேண்டாமென்றால் தண்ணீருக்குப் பதில் சில்லென்ற சோடா தண்ணீர் விட்டுக் கலந்து உடனே சுடுவார்கள். தேனோ பழ ஜாமோ தொட்டுக்கொள்ளலாம். வதக்கிய காளானும் வெங்காயமும் வைத்து மடித்தால் அது ஒரு சாப்பாடு.

தொட்டுக்கொள்ள என்ன? ஸ்மெதானா, த்வோரக் என்று என்னென்னவோ சொல்கிறார்களே.
– வாசகர், சேலம்

ஸ்மெதானா புளிக்க வைத்த பாலேடு. 200 மில்லி ஃப்ரெஷ் க்ரீமைக் கை பொறுக்கும் சூடாக்கி ஒரு ஸ்பூன் தயிர் உறை ஊற்றி ராத்திரி முழுக்க வெளியே வைத்து, காலையில் ஃபிரிட்ஜில் வைத்தால் ஏறக்குறைய அந்தப் பக்குவம் வந்துவிடும். த்வோரக் புளித்த பாலை லேசாகச் சூடாக்கித் திரிய வைத்து வடிகட்டியது. பனீரை உதிர்த்து, வடிகட்டிய கெட்டித் தயிர் இரண்டு ஸ்பூன், சர்க்கரை, உலர்திராட்சை சேர்த்துப் பிசைந்தால் பக்கத்தில் வரும். அதை நடுவில் வைத்து நாலு பக்கமும் கவர் மாதிரி மடித்து, வெண்ணெயில் இரண்டு பக்கமும் திருப்பி எடுங்கள், குழந்தைகள் விடமாட்டார்கள். மறுநாள் மிஞ்சிய ப்ளினிக்கும் இதுதான் சரியான வழி.

கண்டென்ஸ்டு மில்க் அங்கே நீலமும் வெள்ளையுமாக ஒரு டப்பாவில் வரும், சோவியத் காலத்தில் வளர்ந்த எவரைக் கேட்டாலும் முகம் மலரும். நம் கடைகளில் கிடைப்பதும் நன்றாகவே இருக்கும். சால்மன் மீனின் சிவப்பு முட்டை, இக்ரா, பண்டிகைக்கு வைப்பது. விலை ஏறினது, அது இல்லையே என்று யாரும் ஏங்க வேண்டாம். வரோனிஷில் நான் அதிகம் சாப்பிட்டது உருக்கிய வெண்ணெயும் மேலே கொஞ்சம் சர்க்கரையும் தூவி நாலாக மடித்தது, பக்கத்தில் பாலில்லாத சூடான தேநீர்.

மாஸ்லெனித்ஸாவின் ஏழு நாளுக்கும் தனித்தனிப் பெயராமே? அப்புறம், முதல் ப்ளினியைக் கரடிக்குப் படைப்பார்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், உண்மையா?
– வாசகி, ஈரோடு

கரடிக் கதை பின்னால் யாரோ கட்டியது. முன்னே சொன்ன பழமொழியில் வருகிற, உருண்டை என்று பொருள் தரும் ‘கோம்’ என்ற சொல்லைத் திரித்து, அது கரடியைக் குறிக்கும் பழைய சொல் என்று கிளப்பிவிட்டார்கள். மொழி ஆராய்ச்சிக்காரர்கள் ஏற்றுக்கொள்வதில்லை.

ஏழு நாள் பெயர்கள் உண்மை. மாஸ்லா என்றால் வெண்ணெய், அதிலிருந்துதான் மாஸ்லெனித்ஸா. நோன்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம் இது, இறைச்சி நின்றுவிடும், ஆனால் பால், வெண்ணெய், முட்டை, மீன் உண்டு. அடுத்த ஏழு வாரம் தொடக் கூடாத வெண்ணெயையும் முட்டையையும் தீர்த்துவிட ப்ளினியைவிட நல்ல வழி ஏது? ஈஸ்டரைப் பொறுத்துத் தேதி மாறும், 2026-ல் பிப்ரவரி 16 முதல் 22 வரை. திங்கள் வரவேற்பு. புதன் கிழமைக்கு ருசிநாள் என்று பெயர், அன்று மாமியார் மருமகனை அழைத்து ப்ளினி போடுவார். வெள்ளிக்கிழமை மருமகன் முறை, மாமியாரைத் தன் வீட்டுக்கு அழைத்து உபசரிக்க வேண்டும். சனிக்கிழமை நாத்தனாருக்கு. தீபாவளிக்கு மாப்பிள்ளை அழைக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஞாயிறு மன்னிப்பு ஞாயிறு. ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பார்கள், ‘கடவுள் மன்னிப்பார்’ என்று பதில் வரும். அன்று சாயங்காலம் வைக்கோல் பொம்மையைக் கொளுத்திக் குளிர்காலத்தை வழியனுப்புவார்கள். கீழ்வீட்டுப் பாட்டி அந்த ஞாயிறு காலையில் படியேறி வந்து, கதவைத் திறந்த என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவரே பதிலைச் சொல்லிக்கொடுத்துச் சொல்ல வைத்தார்.

அம்மா, நான் குர்ஸ்கில் மருத்துவம் படிக்கிறேன். என் ரஷ்ய நண்பனின் தாத்தா இறந்து அடக்கம் முடிந்த அன்று வீட்டுக்கு அழைத்தார்கள். மேஜையில் ப்ளினி! பண்டிகைப் பலகாரத்தைத் துக்க வீட்டில் ஏன் வைக்கிறார்கள்? எனக்குச் சாப்பிடக் கை வரவில்லை. நான் தப்பு செய்துவிட்டேனா?
– மாணவர், ரஷ்யா

தப்பு ஒன்றும் இல்லை தம்பி, தெரியாமல்தானே. ப்ளினி பண்டிகைக்கு மட்டும் உரியது இல்லை, இறந்தவர்களை நினைக்கிற சாப்பாடும் அதுதான். அடக்கத்துக்குப் பிறகு உட்கார வைத்துப் போடுகிற அந்தச் சாப்பாட்டுக்குப் பமின்கி என்று பெயர். தேன் சேர்த்து வேகவைத்த தானியக் குத்யா, ப்ளினி, குடிக்கக் கிஸ்யெல் என்ற கெட்டியாகக் காய்ச்சிய பழச்சாறு, இந்த மூன்றும் அதில் இருக்கும். ஒன்பதாம் நாளும் நாற்பதாம் நாளும் திரும்பக் கூடுவார்கள். ப்ளினி வட்டமாக இருப்பதால் சூரியன் என்று புத்தகங்களில் எழுதுவார்கள், ஆனால் கிராமங்களில் மாஸ்லெனித்ஸாவின் முதல் ப்ளினியை இறந்துபோன பெற்றோருக்கென்று ஜன்னலில் வைப்பதும், இறந்தவர் பெயரைச் சொல்லி ஏழைக்குக் கொடுப்பதும் பழைய வழக்கம். நாம் படையல் போட்டுக் காக்கைக்கு வைப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நீ, உனக்குப் புரியும்.

நாற்பதாம் நாளுக்கு அநேகமாக உன்னை மறுபடி கூப்பிடுவார்கள், போய் வா. பூ எடுத்துப் போனால் இரட்டைப்படையில் எடுத்துப் போ, ஒற்றைப்படை நல்ல காரியத்துக்கு. முதலில் ஒரு ஸ்பூன் குத்யா வாயில் போட்டுக்கொள், டம்ளரை யாரோடும் இடிக்காதே, அன்று அது கூடாது. ப்ளினியைக் கையாலேயே பிய்த்துத் தேன் தொட்டுச் சாப்பிடு. தாத்தாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது ஏதாவது இருந்தால், உன் ரஷ்ய மொழி எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அந்த வீட்டுப் பாட்டியிடம் சொல்லு.